ஒலிபெருக்கியில் கேட்ட குறட்டை

அன்று மத்தியானம் பேருந்து நிலையத்தின் எல்லா ஒலிபெருக்கிகளிலும் ஒரு குறட்டை கேட்டது.

முதலில் ஒயரில் ஏதோ கோளாறு என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். மரம் அறுப்பது போல இழுத்தது, திடீரென்று நின்றது, பிறகு அடைத்த குழாய் திறந்துகொண்டது போல ஒரு வெடிப்போடு மறுபடி கிளம்பியது. நின்றபோது கூட்டம் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது. கிளம்பியதும் கைகொட்டிச் சிரித்தது. டீக்கடைக்காரர் கெட்டிலும் கையுமாக வெளியே வந்து நின்றார். யாரோ ஒருவன் கைபேசியைத் தூக்கிப் பிடித்து முழுவதையும் பதிவு செய்தான்.

நிலைய மேலாளர் மாடிக்கு ஓடிப்போய் அறிவிப்பு அறைக் கதவைத் தள்ளினார். அறிவிப்பாளர் மேசைமேல் கன்னத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். மைக்கின் பொத்தான் அவள் முழங்கைக்கு அடியில் அழுந்திக் கிடந்தது.

"என்ன மேடம், நல்ல தூக்கமா? தலகாணி கொண்டுவரச் சொல்லட்டுமா?" என்றார் மேலாளர்.

மைக்கை அப்போதும் யாரும் அணைக்கவில்லை. அதுவும் நிலையம் முழுக்கக் கேட்டது.

அவளை எல்லாரும் அறிவிப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓர் ஊர்ப் பெயரைத் தப்பாக உச்சரித்ததில்லை, ஒரு வண்டியின் நேரத்தை மாற்றிச் சொன்னதில்லை. குழந்தையைத் தொலைத்துவிட்டு அழுதுகொண்டு வரும் தாய்மார்கள் அவள் குரலைக் கேட்டதும் பாதி அழுகையை நிறுத்திவிடுவார்கள். அந்த நல்ல பெயரெல்லாம் ஒரு மத்தியானத்தில் காற்றோடு போயிற்று. சாயங்காலம் அவள் வீடு போய்ச் சேர்வதற்குள் அந்தக் குறட்டை அவள் மகளின் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. எவனோ அதற்குப் பின்னணி இசை வேறு சேர்த்திருந்தான்.

முந்தின இரவு முழுவதும் படுக்கையில் கிடந்த ஒருத்திக்குப் பட்டப்பகலில், வேலைக்கு நடுவில், ஏன் அப்படிக் கண் செருக வேண்டும் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளிடமும் பதில் இருந்திருக்காது. ஆனாலும் கேட்டிருக்கலாம் அல்லவா?

அது நேற்று இன்று வந்த தொல்லை இல்லை. பல வருடங்களாகவே அவள் காலையில் எழுந்திருக்கும்போது இரவெல்லாம் மூட்டை தூக்கியவள் மாதிரிதான் எழுந்திருப்பாள். வாய் வறண்டு நாக்கு ஒட்டிக்கொள்ளும். தலை கனக்கும். பேருந்தில் ஏறி உட்கார்ந்தால் போதும், தூங்கிவிடுவாள். மகளின் பள்ளியில் ஆசிரியை மதிப்பெண்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது எதிரிலேயே தூங்கி விழுந்திருக்கிறாள். மகள் அதற்குப் பிறகு அப்பாவைத்தான் அழைத்துப் போனாள்.

கணவர் லேத்துப் பட்டறையில் வேலை செய்பவர். அவள் குறட்டை தாங்காமல் எப்போதோ பாயைச் சுருட்டிக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டார். அவருக்கும் குறட்டை உண்டு. வீட்டுக்கு உறவுக்காரர்கள் வந்திருக்கும்போது அவர் குறட்டை விட்டால், "பாவம், மனுஷன் நாள் பூரா மிஷின் முன்னாடி நின்னுட்டு வந்திருக்கார்" என்று கதவை மெல்லச் சாத்துவார்கள். அவள் குறட்டை விட்டாலோ, நாத்தனார் காலையில் எல்லார் முன்னாலும், "என்ன அண்ணி, ராத்திரி லாரி ஓட்டுனீங்களா? பொம்பளைங்க இப்படியா தூங்குவாங்க?" என்பாள். அவளும்தான் நாள் பூரா வேலை பார்த்துவிட்டு வருகிறாள். அவளுக்கு உழைத்த களைப்பு என்று ஒன்று கிடையாதா என்ன?

மருத்துவர்களிடம் போகாமலும் இல்லை. ஒருவர் டென்ஷன் என்றார். இன்னொருவர் ரத்தத்தில் இரும்பு குறைவு என்று மாத்திரை கொடுத்தார்; மாத்திரை தீர்ந்தது, தூக்கம் தீரவில்லை. மூன்றாமவர் வயதைக் கேட்டார், அதோடு எல்லாம் புரிந்துவிட்டது போலத் தலையாட்டினார். "இந்த வயசுல லேடீஸுக்கு இப்படித்தாம்மா இருக்கும்." குறட்டையைப் பற்றி அவளே கூச்சத்தை விட்டுச் சொன்னபோது, "அதெல்லாம் குண்டா இருக்கிறவங்களுக்கு வர்றது. நீங்கதான் ஊதினா பறந்துடுவீங்களே" என்று சிரித்தார்.

ஒலிபெருக்கிச் சம்பவத்துக்குப் பிறகு மேலாளர் அவளைத் தொலைந்த பொருட்கள் அறைக்கு மாற்றினார். கீழ்த்தளத்தில், சன்னல் இல்லாத அறை. குடைகள், ஒற்றைச் செருப்புகள், பள்ளிப் பைகள், யாரோ விட்டுப்போன ஒரு பல் செட்டு. அவள் இருந்த நாற்காலியில் மேலாளரின் தூரத்துச் சொந்தக்காரப் பெண் வந்து உட்கார்ந்தாள். ஊர்ப் பெயர்களைக் கடித்துத் துப்பினாள். அதைக் கேட்கும்போதெல்லாம் அக்கா ஒவ்வொரு பெயரையும் தனக்குள் சரியாகச் சொல்லிப் பார்ப்பாள். அழுகை வராது, ஆத்திரம்தான் வரும்.

அந்த ஆத்திரத்திலோ என்னவோ, பல்லைக் கடித்துக் கடித்து ஒரு கடைவாய்ப் பல் விண்டுவிட்டது. கணவரோடு பல் மருத்துவரிடம் போனாள்.

பல் மருத்துவர் அதிகம் பேசாத பெண். விண்ட பல்லைப் பார்த்தாள். பிறகு மற்றப் பற்களைப் பார்த்தாள். நாக்கை நீட்டச் சொன்னாள், உள்ளே விளக்கைக் காட்டித் தொண்டையைப் பார்த்தாள், பக்கவாட்டில் முகத்தைத் திருப்பித் தாடையைப் பார்த்தாள். பல்வலிக்கு வந்த இடத்தில் இது என்ன என்று அக்காவுக்குப் புரியவில்லை.

"காலையில எழுந்ததும் தலை வலிக்குதா?"

"ஆமா டாக்டர்."

"பகல்ல தூக்கம் வருதா?"

அந்தப் பதிவை இவளும் பார்த்துவிட்டாள் போல என்று அக்காவின் முகம் இறுகிப்போயிற்று. மருத்துவர் வெளியே உட்கார்ந்திருந்த கணவரை உள்ளே கூப்பிட்டாள்.

"இவங்க தூங்கும்போது மூச்சு நின்னு நின்னு வர்றதைக் கவனிச்சிருக்கீங்களா?"

"நிக்கும் டாக்டர்" என்றார் அவர், மிகச் சாதாரணமாக. "நல்லா சத்தமா போய்க்கிட்டே இருக்கும், டக்குனு நின்னுடும். கொஞ்ச நேரம் ஒண்ணுமே கேக்காது. அப்பாடான்னு அந்த கேப்புலதான் நான் தூங்குவேன்."

அக்கா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். "அப்பாடாவா? எனக்கு மூச்சு நிக்குது, உங்களுக்கு அப்பாடாவா?"

"எனக்கென்னம்மா தெரியும்? சத்தம் நின்னுச்சேன்னு..."

"உக்காருங்க, ரெண்டு பேரும்" என்றாள் மருத்துவர். பிறகு நிதானமாகச் சொன்னாள். அக்காவின் கீழ்த்தாடை இயல்பிலேயே சிறியது, கொஞ்சம் உள்வாங்கி இருப்பது. தூங்கும்போது தசை தளர்ந்ததும் நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைத்துக்கொள்கிறது. மூச்சு நிற்கிறது. மூளை பதறிப்போய் உடம்பை உலுக்குகிறது. மூச்சு வருகிறது, மறுபடி அடைக்கிறது. "ராத்திரி பூரா யாரோ உங்க கழுத்தை நெரிக்கிறதும் விடுறதுமா இருந்தா எப்படி இருக்கும்? அப்படித்தான். நீங்க தூங்கவே இல்லம்மா. கண்ணை மூடிக்கிட்டுப் போராடிட்டு இருந்திருக்கீங்க. ஒல்லியா இருக்கிறவங்களுக்கும் வரும், பொம்பளைங்களுக்கும் வரும். ஆனா நான் பார்த்து முடிவு சொல்ல முடியாது. தூக்கப் பரிசோதனை பண்ணணும்."

வீட்டுக்கு வந்ததும் அக்கா மகளிடம், "அந்தப் பதிவு உங்கிட்ட இருக்கா?" என்று கேட்டாள். மகள் தயங்கினாள். "வைம்மா, கேப்போம்."

அதுவரை அவள் அதைக் கேட்டதே இல்லை. கைபேசியை மேசைமேல் வைத்து இருவரும் கேட்டார்கள். மரம் அறுத்தது. நின்றது. நின்றுகொண்டே இருந்தது. மகளின் விரல்கள் அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டன. பதிவில் யாரோ "செத்துட்டாங்களா?" என்று கேட்டான், இன்னொருவன் சிரித்தான். பிறகு அந்த வெடிப்பு, கைதட்டல்.

"இவ்வளவு பேர் கேட்டிருக்காங்க" என்றாள் அக்கா. "ஊரே நின்னு கேட்டிருக்கு. ஒருத்தனுக்குக்கூட இதுல சிரிப்பைத் தவிர வேற ஒண்ணும் கேக்கல."

அன்றைக்கு அவளுக்கு அப்பாவின் நினைவு வந்தது. துறைமுகத்தில் காவலாளியாக இருந்தவர். அவருக்கும் சின்னத் தாடைதான். அவர் குறட்டை தெருமுனை வரை கேட்கும். ஒருநாள் தூங்கியவர் எழுந்திருக்கவில்லை. வந்தவர்கள் எல்லாரும், "கொடுத்து வச்ச மனுஷன், நோகாம போயிட்டார்" என்றார்கள். அவளும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தாள். பல் மருத்துவரிடம் அடுத்த முறை போனபோது, அப்பாவைக் கொண்டுபோனதும் இதுதானா என்று கேட்டாள். "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இப்ப யாராலயும் சொல்ல முடியாதும்மா" என்றாள் மருத்துவர். அந்தப் பதில் நேர்மையானது என்று அக்காவுக்குத் தெரிந்தது. அதனால் கோபம் இரண்டு மடங்கானது. யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

விரலில் ஒரு கிளிப்பும் மூக்கில் ஒரு குழாயும் மாட்டிக்கொண்டு வீட்டிலேயே பரிசோதனை நடந்தது. மூச்சுத்தடை நோய்தான், நடுத்தர நிலையில் இருக்கிறது என்று முடிவு வந்தது. பல் மருத்துவர் அனுப்பிவைத்த நுரையீரல் மருத்துவர் ஒரு காற்று இயந்திரத்தை எழுதிக் கொடுத்தார். முகமூடியைக் கட்டிக்கொண்டு படுத்தால் அது விடாமல் காற்றை உள்ளே தள்ளி வழியைத் திறந்து வைக்கும்.

நல்ல இயந்திரம்தான். எத்தனையோ பேருக்கு உயிர் கொடுத்த இயந்திரம். அக்காவுக்கு அது ஒத்துவரவில்லை. வயிறு காற்றால் உப்பிக்கொண்டது. முகமூடி தூக்கத்தில் தானாகக் கழன்று காலையில் கட்டிலுக்கடியில் கிடந்தது. கட்டுகளை மாற்றிப் பார்த்தாள், வேறு அளவில் வாங்கிப் பார்த்தாள். கன்னத்தில் முகமூடி வாரின் தடத்தோடு வேலைக்குப் போனாள்.

நுரையீரல் மருத்துவர் கணினியைப் பார்த்துக்கொண்டே, "நீங்க ஒத்துழைக்க மாட்டேங்குறீங்க" என்றார்.

"முயற்சி பண்ணிட்டேன் டாக்டர். வேற வழி இருக்கா?"

"வெயிட்டைக் குறைங்க."

அக்கா தன்னைக் குனிந்து பார்த்துக்கொண்டாள். தோள்பட்டை எலும்பு ரவிக்கைக்கு வெளியே துருத்திக்கொண்டு நின்றது. "எதை டாக்டர் குறைக்கிறது? எலும்பையா? ஒரு தடவை தலையைத் தூக்கி என்னைப் பார்த்துட்டு சொல்லுங்க."

அவர் தலையைத் தூக்கினார். கொஞ்சம் அசடு வழிந்தார். ஆனால் வேறு வழி ஒன்று உண்டு என்பதை அப்போதும் சொல்லவில்லை.

இதற்கு நடுவில் கணவர், செய்த பாவத்துக்குப் பரிகாரம் தேடுகிறவர் மாதிரி, இணையத்தில் ஒரு ரப்பர் அச்சை வாங்கி வந்தார். வெந்நீரில் போட்டு இளக்கிக் கடித்தால் வாய்க்குத் தக்கபடி படிந்துகொள்ளும், குறட்டை போயே போய்விடும் என்று அட்டையில் போட்டிருந்தது. ஒரு வாரம் போட்டாள். காதோரத் தாடைப் பூட்டு பிடித்துக்கொண்டு வாயைத் திறக்கவே முடியவில்லை. முன்பல் ஒன்று ஆட ஆரம்பித்தது.

பல் மருத்துவருக்கு அன்றுதான் கோபம் வந்து அவர்கள் பார்த்தார்கள். "யாரைக் கேட்டு இதைப் போட்டீங்க? இது என்ன, எல்லாக் காலுக்கும் ஒரே செருப்பா?"

கணவர் சுவரில் மாட்டியிருந்த பல் படத்தை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த மாதிரி ஒண்ணை ஒழுங்கா அளவெடுத்துச் செஞ்சு போடலாம்" என்றாள் மருத்துவர். "மேல்பல்லுக்கு ஒண்ணு, கீழ்பல்லுக்கு ஒண்ணு. ரெண்டும் சேர்ந்து கீழ்த்தாடையைக் கொஞ்சம் முன்னால பிடிச்சு வைக்கும். தாடை முன்னால வந்தா நாக்கும் கூட வரும், மூச்சுக்கு வழி கிடைக்கும். உங்க அளவு நோய்க்கு இது பொருந்தும்னு நினைக்கிறேன். உங்க நுரையீரல் டாக்டர்கிட்ட நானே பேசுறேன்."

"இப்படி ஒண்ணு இருக்குன்னு அவர் ஏன் சொல்லல?"

மருத்துவர் தோளைக் குலுக்கினாள். "நீங்க அவரைத்தான் கேக்கணும்."

ஆடிய பல் நிலைபட்டதும் பசை போன்ற ஒன்றை வாயில் அப்பி அளவெடுத்தார்கள். தாடையை எவ்வளவு நீட்டினால் வலிக்கிறது, எதுவரை வலிக்காது என்று பார்த்தார்கள். அவளுக்கென்றே செய்யப்பட்ட கண்ணாடி நிறக் கருவி வந்தது. முதல் நாட்களில் தலையணை எச்சிலில் நனைந்தது. காலையில் மேல்பல்லும் கீழ்பல்லும் ஒன்றையொன்று அடையாளம் தெரியாதவை போல விலகி நின்றன. மருத்துவர் கொடுத்த சின்ன பிளாஸ்டிக் துண்டைக் கடித்துக் கடித்து அவற்றை மறுபடி சேர்த்துவைக்க வேண்டியிருந்தது. மருத்துவர் அவசரப்படவில்லை. கருவியின் பக்கத்தில் இருந்த திருகை ஒவ்வொரு தடவையும் மயிரிழை அளவுதான் முன்னால் நகர்த்தினாள். கருவியோடு மறுபடி தூக்கப் பரிசோதனை செய்து, மூச்சு தடைபடுவது கிட்டத்தட்ட நின்றுவிட்டது என்று உறுதியான பிறகுதான் திருகைத் தொடுவதை விட்டாள்.

ஒரே நாளில் அக்காவின் களைப்பு பறந்துவிடவில்லை. ஒருநாள் மகளோடு பேருந்தில் போய்க்கொண்டிருந்தாள். சன்னல் வழியே பார்த்தவள், "இந்தப் பாலத்தை எப்ப கட்டுனாங்க?" என்றாள்.

மகள் திரும்பிப் பார்த்தாள். "அம்மா, நான் சின்ன ஸ்கூல்ல படிக்கும்போதே இது இருக்கு. நீ டெய்லி இது மேலதான் வேலைக்குப் போற."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அடியில் ஆறு, ஆற்றங்கரையில் மரங்கள், துணி உலர்த்தும் கம்பிகள். அழகான பாலம். தினமும் அதன்மேல் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டே போயிருக்கிறாள். சிரிப்பு பாதியில் நின்றது. மகளின் பள்ளி நாட்கள் எல்லாம் எப்படி இருந்தன என்று யோசித்துப் பார்த்தாள். ஏதோ புகை மூட்டமாகத்தான் ஞாபகம் வந்தது. அவளுடைய அத்தனை வருடங்களையும் யாரோ வீடு புகுந்து அள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். கேட்டால் உனக்கு டென்ஷன் என்கிறார்கள்.

மருத்துவச் சான்றிதழோடு மேலாளர் முன்னால் போய் நின்றாள். "எனக்கு இருந்தது நோய் சார். இப்ப சரியாயிடுச்சு. என் இடத்தை எனக்குக் குடுங்க."

மேலாளர் படித்துப் பார்த்தார். "அப்ப உங்களுக்கு வியாதி இருக்கு. வியாதிக்காரங்களை எப்படி மைக்ல உட்கார வைக்கிறது?"

"என்ன சார் இது? காரணம் தெரியாதப்ப சோம்பேறின்னு தூக்குனீங்க. காரணம் தெரிஞ்சு சரியானதும் வியாதிக்காரின்னு தூக்குறீங்க. எப்படிப் பார்த்தாலும் நான் அந்த இருட்டு ரூம்லதான் கிடக்கணுமா?"

"குரலை உயர்த்தாதீங்க."

"குரலுக்குத்தானே சார் எனக்கு வேலை குடுத்தீங்க!"

அவர் மணியை அடித்தார். அவள் வெளியே வந்தாள்.

சில நாட்கள் கழித்துத் தொலைந்த பொருட்கள் அறைக்கு ஓர் ஓட்டுநர் வந்தார். நெட்டையான ஆள், கழுத்து நீளம். எல்லாரும் ஒட்டகம் என்பார்கள். குடையைத் தொலைத்துவிட்டேன் என்றார். எந்தக் குடையைக் காட்டினாலும் இதில்லை என்றார். கடைசியில் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, அந்தப் பல் டாக்டர் எங்க இருக்காங்க?"

"எதுக்கு?"

"சிக்னல்ல நிக்கும்போது கண்ணு சொக்குதுக்கா. பின்னாடி ஹார்ன் அடிச்சாத்தான் முழிக்கிறேன். போன வாரம் நிக்கும்போது இல்ல... ஓடிட்டு இருக்கும்போதே."

அக்காவுக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த குடையை மேசைமேல் எறிந்தாள். "உன் முதுகுக்குப் பின்னால ஒரு வண்டி ஜனம் உக்காந்திருக்கேடா! இதை வச்சுக்கிட்டா ஓட்டுற?"

"சொன்னா என்ன ஆகும்? உங்களுக்கு ஆனதுதானே எனக்கும் ஆகும்?"

உண்மைதான். அவளைச் சிரித்துச் சிரித்துக் கீழே இறக்கியதை எல்லா ஓட்டுநர்களும் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்கள்? அன்றிலிருந்து எவன் வாயைத் திறப்பான்? அவள் அவமானப்பட்டதோடு முடிந்தது என்று நினைத்திருந்தாள். அது ஒவ்வொரு பேருந்திலும் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

"இன்னைக்கு நீ வண்டி எடுக்கக் கூடாது. உடம்பு சரியில்லைன்னு லீவு போடு. மத்ததை நான் பார்த்துக்கிறேன்."

அந்த மாதம் தலைமை அலுவலகத்திலிருந்து அதிகாரி வந்து, உணவுக்கூடத்தில் ஊழியர் கூட்டம் நடந்தது. மேலாளர் நிலையத்தின் சாதனைகளைச் சொல்லி முடித்ததும் அக்கா எழுந்தாள். மைக்கைக் கொடுக்கவில்லை. அவளுக்கு அது தேவையும் இல்லை.

"என் குறட்டையை இங்க கேக்காதவங்க யாரும் இல்ல" என்று ஆரம்பித்தாள். ஒருவர் சிரித்தார்; மற்றவர்கள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். தாடையை, நாக்கை, நின்ற மூச்சை, கருவியை. வாயைத் திறந்து பல்வரிசையைக்கூடக் காட்டினாள். "நான் தூங்கினா ஒரு அறிவிப்பு தப்பும். இவங்கள்ல ஒருத்தர் தூங்கினா? தூக்கம் வருதுன்னு சொல்ற டிரைவருக்கு இங்க என்ன கிடைக்கும்? சிரிப்பும் இருட்டு ரூமும்தானே? அதான் யாரும் சொல்றதில்ல. சொல்லாம ஓட்டுறாங்க."

"ஆதாரமில்லாம பேசாதீங்க" என்றார் மேலாளர்.

பின்வரிசையில் ஒட்டகம் எழுந்தார். எழுந்தால் மறைக்க முடியாத உயரம். "நான் ஓட்டியிருக்கேன் சார்" என்றார். உட்காரவும் தெரியாமல், பேசவும் தெரியாமல் அப்படியே நின்றார். கொஞ்ச நேரம் கழித்து ஓய்வுபெறும் வயதில் இருந்த இன்னோர் ஓட்டுநர் உட்கார்ந்தபடியே கையைத் தூக்கினார். அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டு மேலாளரைப் பார்த்தார்.

அதன் பிறகும் எளிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. தலைமை அலுவலகத்துக்கு அக்கா நடையாய் நடந்தாள். வரவேற்பறைப் பெண் அவளைக் கண்டதும் நாற்காலியை இழுத்துப் போடும் அளவுக்கு நடந்தாள். கடைசியில், தூக்கப் பரிசோதனைக்குப் போகும் ஓட்டுநர்களுக்குச் சிகிச்சை முடியும்வரை அலுவலக வேலை கொடுப்பது, முடிந்ததும் ஸ்டியரிங்கைத் திருப்பிக் கொடுப்பது என்று உத்தரவு வந்தது. அக்காவுக்கு மைக் திரும்பக் கிடைத்தது. முதலில் "சோதனை அடிப்படையில்" என்றார்கள். "நான் என்ன புதுசா வாங்குன மிஷினா?" என்று கேட்டு அந்த இரண்டு வார்த்தைகளை நீக்க வைத்தாள். மேலாளர் மன்னிப்புக் கேட்கவில்லை, இன்றுவரை. படிக்கட்டில் எதிரே வந்தால் கைபேசியில் ஏதோ அவசரமாகப் பார்ப்பார். அவள் நின்று, அவர் போகும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒட்டகத்துக்கு நோய் முற்றிய நிலை. வாய்க்கருவி மட்டும் போதாது என்று சொல்லிவிட்டார்கள். அவருக்கு அந்தக் காற்று இயந்திரமே கச்சிதமாகப் பொருந்திவிட்டது. "மூஞ்சியில மாட்டுன உடனே தூங்கிடுறேன்கா" என்று அவர் சொன்னபோது அக்காவுக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

அவர் மறுபடி வண்டி எடுத்த அன்று அவர் மனைவி நம்பாமல் கூடவே வந்து முதல் இருக்கையில் உட்கார்ந்தாள். சாலையைப் பார்க்கவில்லை, கண்ணாடியில் தெரிந்த கணவரின் கண்களையே பார்த்துக்கொண்டு போனாள். சாயங்காலம் வண்டி திரும்பியதும் அக்கா மாடியிலிருந்து இறங்கி வந்தாள்.

"எப்படி ஓட்டுனார்?"

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். "பாதி வழி வரைக்கும் பார்த்தேன்கா. அப்புறம் நான் தூங்கிட்டேன்."

ஒட்டகம் சாவியைச் சுழற்றியபடி சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. அந்தப் பெண்ணின் முகவாயைத் தொட்டு, விளக்கு வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள்.

"காலையில எழுந்திருக்கும்போது உனக்குத் தலை வலிக்குமாம்மா?"